கொலுசுப் பட்டறையில் ஒரு கட்டைவிரல்

நேயர்களுக்கு வணக்கம். பரிணாமம் என்றாலே "குரங்கிலிருந்தா மனிதன் வந்தான்?" என்று கேட்பார்கள். இல்லை. குரங்குக்கும் நமக்கும் பாட்டன் ஒருவர், அவ்வளவுதான், நாம் பங்காளிகள். அதை இத்தோடு விட்டுவிட்டு, இன்று கட்டைவிரலைப் பற்றிப் பேசுகிறேன்.

ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். எந்த வளைவில் வண்டியை நிறுத்தினாலும் நாட்டுக்குரங்கு வந்துவிடும். போன மாதம் ஒன்று என் கடலைப் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு சுவர்மேல் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக உரித்துத் தின்றது. தோலை ஊதித் தள்ளவில்லை, அது ஒன்றுதான் குறை.

மறுநாள் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறைக்குப் போயிருந்தேன். அங்கே பெரியவர் ஒருவர், கடுகைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளி மணியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து, பார்க்காமலே உருட்டி, அதன் துளை எந்தப் பக்கம் என்று கண்டுபிடித்துக் கம்பியில் கோத்தார். குரங்கும் நுனிவிரலால்தான் கடலை எடுத்தது. அப்படியானால் வித்தியாசம் எங்கே இருக்கிறது?

வலது முன்கையை மேசைமேல், உள்ளங்கை மேலே தெரிய வையுங்கள். மணிக்கட்டுக்கு நாலு விரல் மேலே, கட்டைவிரல் பக்கமாக இடது கையால் அழுத்திக்கொண்டு, வலது கட்டைவிரலின் நுனியை மட்டும் மடக்குங்கள். உள்ளே ஏதோ அசைகிறதல்லவா? கட்டைவிரலுக்கென்றே உள்ள தனித் தசை அது. நாட்டுக்குரங்குக்குக் கட்டைவிரலை இழுக்கும் நாண், அதாவது தசையை எலும்போடு கட்டும் கயிறு, மற்ற விரல்களின் நாணோடு சேர்ந்தே வருகிறது. கூட்டுக் குடும்பம் மாதிரி, தனியாக ஒன்றும் செய்ய முடியாது. நமக்கு அது தனிக்குடித்தனம் போய்விட்டது. போதாததற்கு நம் கட்டைவிரல் நீளம், மற்ற விரல்கள் குட்டை. அதனால் அது சுண்டுவிரல் நுனிவரை போய்ச் சேர்கிறது.

இந்தக் கை எதற்காக இப்படி ஆனது? கல்லை உடைக்கத் தோதான கை வாய்த்தவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தழைத்ததால்தான் என்பது பலர் சொல்லும் காரணம். எனக்கும் அதுதான் பொருத்தமாகப் படுகிறது. கென்யாவில் கிடைத்த கற்கருவிகளுக்கு வயது 33 லட்சம் ஆண்டு. நாமும் நம் நெருங்கிய மூதாதையரும் அடங்கிய ஹோமோ பேரினத்தின் மிகப் பழைய எலும்புக்கே 28 லட்சம்தான். கருவி மூத்தது, நாம் இளையவர்கள்! திருவள்ளூர் மாவட்டத்து அதிரம்பாக்கத்தில் கிடைத்த, கல்லால் ஆன கைக்கோடரிகளுக்கு ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டு. அவற்றைச் செதுக்கியவர்கள் நம்மைப் போன்ற ஹோமோ சேப்பியன்ஸ் அல்லர்; நாம் தலைகாட்டியே 3 லட்சம் ஆண்டுதான் ஆகிறது.

அதிரம்பாக்கத்தை 1863-இல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர், நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட். அதே வருடம்தான் பல்லாவரத்தில் ஒரு கைக்கோடரியைக் கண்டெடுத்து, இந்தியாவிலும் பழைய கற்காலம் உண்டு என்று காட்டினார். கடைசிக் காலத்தில் அவர் குடியிருந்தது நம் ஏற்காட்டில். 1912-இல் கல்கத்தாவில் இறந்தார். அஸ்தி ஏற்காட்டுத் தேவாலயத்துக்கே வந்தது. அவருடைய மாமனார், தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்த பெர்சிவல் பாதிரியாரும் அங்கேதான் இருக்கிறார். படகுச் சவாரிக்குப் போகிறவர்கள் அங்கேயும் ஒரு நடை போய் வரலாம்.

கைக்கோடரி என்பது ஏதோ கையில் அகப்பட்ட கல் அல்ல. இரு பக்கமும் தட்டித் தட்டி, உள்ளே இருக்கும் வடிவத்தை வெளியே எடுக்க வேண்டும். ஒரு தட்டு தப்பினால் கல் பாழ். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் அந்த வேலை வரும்.

பட்டறைப் பெரியவரும் மருமகளைப் பக்கத்தில்தான் உட்கார வைத்திருந்தார். வாயால் சொன்னது குறைவு. அந்தப் பெண்ணின் கட்டைவிரலைப் பிடித்துத் திருப்பி, "இப்படிச் சாச்சுப் புடி கண்ணு" என்றார். மணி நழுவித் தரையில் ஓடியது. மூன்று பேரும் குனிந்து தேடினோம். அவள் கைக்குத்தான் முதலில் அகப்பட்டது.

வணக்கம்.