நவம்பரில் 3,400, பிப்ரவரியில் 1,750: காற்று மீட்டர் வாங்கின கதை

வணக்கம் மக்களே. டிரைபாடின் ஒரு காலை என் பையன் கழற்றிக்கொண்டு போய்விட்டான், கிரிக்கெட்டுக்கு ஸ்டம்ப் வேண்டுமாம். போனை அரிசி டப்பா மேல் சாய்த்து வைத்திருக்கிறேன். ஆடினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்குச் சமையல் வீடியோ இல்லை. புதிதாக ஒரு சாமான் வாங்கியிருக்கிறேன், அதைக் காட்டத்தான் வந்தேன். அதற்கு முன்னால் எங்கள் அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப் மேல் இருக்கும் கடுப்பை இறக்கி வைத்துவிடுகிறேன், இல்லையென்றால் சாயங்காலம் தலைவலி வந்துவிடும்.

நேற்று எங்கள் டெல்லியில் ஏக்யூஐ, அதாவது காற்று எவ்வளவு கெட்டிருக்கிறது என்று சொல்லும் எண், 268. ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குரூப்பில் போட்டேன். ஒரே ஒரு கட்டைவிரல் வந்தது, அதுவும் வாட்ச்மேன் அண்ணன் போட்டது. அதற்குக் கீழே உடனே "பழைய சோபா விற்பனைக்கு". அந்த சோபாவுக்கு எத்தனை விசாரிப்பு தெரியுமா! 201 முதல் 300 வரை 'மோசம்' என்பதுதான் நம் அரசாங்கக் கணக்கு. மோசத்தைப் பற்றிப் பேச ஆளில்லை. ஏன்? இது பிப்ரவரி.

நவம்பரில் இதே குரூப்பைப் பார்த்திருக்க வேண்டும். விடிவதற்குள் ஆளுக்கொரு ஸ்கிரீன்ஷாட். கிராப் 3 வந்துவிட்டதா, கிராப் 4 வந்துவிட்டதா என்று ஒரே பரபரப்பு. ஊரில் இருந்து பார்க்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்: காற்று கெடக் கெடப் படிப்படியாக வரும் கட்டுப்பாடுதான் கிராப். 401ஐத் தொட்டால் மூன்றாவது படி, 450ஐத் தாண்டினால் நாலாவது. மூன்றாவது வந்தாலே பிஎஸ்-3 பெட்ரோல் காரும் பிஎஸ்-4 டீசல் காரும் டெல்லியில் ஓடக் கூடாது (பிஎஸ் என்பது வண்டிப் புகைக்கு அரசாங்கம் வைத்த தரம்; இவை பழைய தரம்). எங்கள் மாடி வீட்டு மாமாவிடம் இருப்பது பிஎஸ்-4 டீசல். எண் 398லேயே நிற்க வேண்டும் என்று ஆர்.கே. புரம் மலை மந்திருக்கே போய் முருகனிடம் முறையிட்டார் என்று மாமி சொன்னார். மெட்ரோவில்தான் போனார்களாம்.

என் மாமியாரை உங்களுக்குத் தெரியும், அடை வீடியோவில் வந்தாரே. நவம்பர் முழுக்கக் காலையில் காபி டம்ளர் கைக்கு வந்ததும் "இன்னிக்கு எவ்வளவும்மா?" என்று கிரிக்கெட் ஸ்கோர் விசாரிக்கிற மாதிரி விசாரிப்பார். ஜன்னல் வழியாகப் பார்க்க மாட்டார். எதிர் பிளாக் தெரிகிறதா, கண் எரிகிறதா, அதெல்லாம் கணக்கிலேயே வராது. போனில் ஆரஞ்சு என்றால் வாக்கிங் உண்டு, சிவப்பு என்றால் கிடையாது. தொண்டை கரகரப்பாக இருந்தாலும் ஆரஞ்சு என்றால் கிளம்பிவிடுவார்!

இதில் இன்னொரு கூத்து, இரண்டு ஆப். ஒன்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர். அது கடந்த 24 மணி நேரத்தின் சராசரியைச் சொல்கிறது; காலையில் பார்க்கும் எண்ணில் நேற்று மத்தியானமும் கலந்திருக்கும். அதோடு இந்திய ஏக்யூஐ 500க்கு மேல் போகவே போகாது, அதுதான் உச்சவரம்பு. வெளிநாட்டு ஆப்கள் அப்படி இல்லை. இந்த மணி நேரம் எப்படி என்று பார்ப்பார்கள், உச்சவரம்பும் கிடையாது. 2024 நவம்பர் 18ஆம் தேதி வாரியத்தின் கணக்கு 494. அதே நாள் இன்னொரு பக்கம் ஆயிரத்தைத் தாண்டிக் காட்டிக்கொண்டிருந்தது. குரூப்பில் ஒரே சண்டை. ஒரு கோஷ்டி "அரசாங்கம் மறைக்கிறது", இன்னொரு கோஷ்டி "வெளிநாட்டுக்காரன் பயமுறுத்துகிறான்". இரண்டு ஆப்பும் வேறு வேறு கணக்குப் போடுகின்றன, அவ்வளவுதான் விஷயம். அதை ஒருவரும் கேட்கத் தயாராக இல்லை, ஏனென்றால் எந்த எண் பெரிதோ அதுதான் ஃபார்வர்ட் ஆகும்.

டிவி மட்டும் என்ன? கும்பகோணத்தில் இருந்து அம்மா போன் செய்வார். "ஏம்மா, ஒரே புகையாமே? குழந்தைக்கு மாஸ்க் போட்டியா?" டிவியில் இந்தியா கேட் தெரியவில்லையாம். இந்தியா கேட் தெரியாவிட்டால்தான் டெல்லியில் புகை என்று சேனல்காரர்கள் முடிவு செய்துவிட்டார்கள். எங்கள் மயூர் விஹாருக்கோ, பக்கத்தில் இருக்கும் ஆனந்த் விஹார் பஸ் ஸ்டாண்டுக்கோ கேமரா வருவதே இல்லை. இப்போது பிப்ரவரியில் அம்மா கேட்பது "குளிர் விட்டுடுச்சா?" மட்டும்தான். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, காட்டினால்தானே தெரியும்.

மேக விதைப்பைச் சொல்லாமல் விட்டுவிட்டேனே! 2025 அக்டோபர் 28ஆம் தேதி ஐஐடி கான்பூர்க்காரர்கள் விமானத்தில் வந்து செயற்கை மழைக்கு முயற்சி செய்தார்கள். எங்கள் மயூர் விஹாரும் அந்தப் பட்டியலில் உண்டு. மொட்டை மாடி முழுக்கப் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஜனம். மேகத்தில் போதுமான ஈரம் இல்லை, எங்கிருந்து மழை வரும்? எங்கள் மாடியில் சொட்டுக்கூட விழவில்லை. ஆனால் ரீல்ஸ் கொட்டோ கொட்டென்று கொட்டியது.

சரி, சாமானுக்கு வருகிறேன். இதோ பாருங்கள், உள்ளங்கை அகலம். பி.எம். 2.5 அளக்கும் மீட்டர், அதாவது மூச்சோடு நுரையீரலுக்குள் போய்விடும் நுண்ணிய தூசியை அளப்பது. உள்ளே ஒரு குட்டி ஃபேன் காற்றை இழுக்கிறது, லேசர் வெளிச்சம் அதன் மேல் படுகிறது, தூசி எவ்வளவு வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது என்பதை வைத்துக் கணக்கு. மூடுபனியில் இதை நம்பாதீர்கள், பனித்துளியையும் தூசி என்று எண்ணிவிடும்.

விலையைக் கேளுங்கள். நவம்பரில் நேரு பிளேஸில், டெல்லியின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையில், இதே மீட்டரை 3,400 ரூபாய் என்றார்கள். அதுவும் ஸ்டாக் இல்லை, அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போங்கள் என்று அலட்சியமாகச் சொன்னார் கடைக்காரர். நான் திரும்பி வந்துவிட்டேன். ஜனவரி கடைசியில் டிவியில் பேச்சு அடங்கியது. போன சனிக்கிழமை போனேன். அதே கடைதான். டப்பா மேல் இருந்த தூசியை ஊதி எடுத்துக் கொடுத்தார், காற்று மீட்டரின் மேல் தூசி! "2,400, மேடம்." நான் ஒன்றும் பேசவில்லை. என் நேரு பிளேஸ் வீடியோக்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பேசாமல் நிற்பதுதான் பேரம். 2,100 ஆனது. பக்கத்துக் கடைப் பக்கம் தலையைத் திருப்பினேன், 1,900. "அண்ணா, இனி அடுத்த அக்டோபர் வரைக்கும் இதை யார் கேட்பார்கள்?" என்றேன். சிரித்துவிட்டார். 1,750, பில்லோடு! காற்று சுத்தமாகிவிடவில்லை, பேச்சு மாறியது, 1,650 ரூபாய் குறைந்தது. மாஸ்க்கும் அப்படித்தான், கவுன்ட்டர் மேல் தொங்கியதெல்லாம் அட்டைப் பெட்டிக்குள் போய்விட்டது.

ஆனால் ஒரு எரிச்சல். சார்ஜ் போடும் இடம் டைப்-சி இல்லை, பழைய மைக்ரோ யூஎஸ்பி. வீட்டில் இருந்த பழைய வயரையெல்லாம் பொங்கலுக்கு முன்னால்தான் தூக்கிப் போட்டோம். டப்பாவுக்குள் கொடுத்த வயர் ஒரு சாண் இருக்கும். ஒரு சாண் வயரை வைத்துக்கொண்டு மனிதர் என்ன செய்வார்? பிளக் பாயின்ட்டுக்குப் பக்கத்தில் ஸ்டூல், ஸ்டூல் மேல் இரண்டு டிக்‌ஷனரி, அதற்கு மேல் மீட்டர். இப்படித்தான் சார்ஜ் ஆகிறது. இத்தனை யோசித்து லேசர் வைக்கத் தெரிந்தவர்களுக்கு இன்னும் இரண்டு சாண் வயர் வைக்கத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பால்கனியில் வைத்தேன், 112. இது ஏக்யூஐ இல்லை, ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் என்ற கணக்கு. 24 மணி நேரத்துக்கு நம் நாட்டு வரம்பு 60, உலக சுகாதார நிறுவனம் சொல்வது 15. ஹாலில் ஜன்னலைச் சாத்தி வைத்துப் பார்த்தேன், 74. அப்படியே சமையல் மேடையில் வைத்தேன், சுண்டைக்காய் வற்றல் குழம்புக்குத் தாளிக்கும் நேரம். நல்லெண்ணெய் காய்ந்தது, 90. கடுகு, வெந்தயம், 160. மிளகாய் வற்றலைக் கிள்ளிப் போட்டதும் எல்லோருக்கும் இருமல், 340. சுண்டைக்காய் கறுத்து வரும்போது 412. எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டேன், அடுப்பை அணைத்த பிறகும் இறங்க வெகு நேரம் ஆனது. நவம்பரில் ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்து தாளித்துக்கொண்டிருந்தோம் பாருங்கள்!

வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டபோது 999. அதற்கு மேல் இதில் இலக்கம் கிடையாது. மீட்டரைத் தூக்கிக்கொண்டு போய் மாமியாரிடம் காட்டினேன். "சாமி காரியத்துக்கு ஏதும்மா மாசு?" என்று சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி போட்டார். காலையில் ஸ்கோர் கேட்கும் அதே மாமியார்தான்.

எடிட்டிங் செய்து தரும் தம்பி, "அக்கா, இதைத் தீபாவளி வரைக்கும் வைத்திருங்கள், அதற்கு அடுத்த நாள் போடலாம், வியூஸ் அள்ளும்" என்கிறான். அவன் சொல்வது சரிதான். தீபாவளி வெடி, பஞ்சாப் ஹரியானா வயல் தீ, காற்றே அசையாத குளிர், எல்லாம் ஒன்றாக வரும் நேரம். ஆனால் வண்டிப் புகையும் கட்டட வேலைத் தூசியும் லீவு எடுப்பதில்லை. ஆண்டு சராசரிக்கு நம் வரம்பு 40, டெல்லி அதற்கு இரண்டு மடங்குக்கும் மேல். ஏப்ரல் மேயில் ராஜஸ்தான் பக்கத்துப் புழுதி வேறு வரும், அப்போதும் ஒரு சேனலும் வராது. அதனால் இப்போதே போடுகிறேன். மாதம் ஒரு முறை பால்கனி எண்ணைக் கம்யூனிட்டி டேபில் போடுவேன், பார்க்கிறவர்கள் பாருங்கள். தம்பி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான், பரவாயில்லை.

மாடி வீட்டு மாமா மீட்டரை இரவல் கேட்டிருக்கிறார், தன் டீசல் கார் எவ்வளவு சுத்தம் என்று எல்லோருக்கும் நிரூபிக்க வேண்டுமாம். புகைக்குழாய்க்குப் பின்னால் வைப்பதாக இருந்தால் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. ஸ்கூல் வேன் ஹாரன் கேட்கிறது, வரட்டுமா.