ஏட்டுச் சுரைக்காயும் விமானமும்

(மாவட்ட மைய நூலக வாசகர் வட்ட விழாவில் பேசியது)

விழாத் தலைவர் அவர்களே, காலையிலிருந்து நாற்காலிகளோடு மல்லுக்கட்டிய நூலகர் அம்மா அவர்களே, இன்னொரு கல்யாண வீட்டைத் தள்ளிவைத்துவிட்டு வந்திருக்கும் நகர்மன்ற உறுப்பினர் அவர்களே, மைக் செட் தம்பி அவர்களே, பிளஸ் டூ பிள்ளைகளே, அவர்களை இழுத்துக்கொண்டு வந்த பெற்றோர்களே, வணக்கம்.

‘ஆன்லைன் வகுப்பிலிருந்து விமானப் பொறியியல் வரை’ என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். மூன்று செய்திகள் சொல்கிறேன்.

முதலாவது என்.பி.டெல். என்ற ஆன்லைன் வீடியோ பாடத் திட்டம். ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி.யும் சேர்ந்து 2003இல் தொடங்கியது. காற்றியக்கவியல், உந்துவிசை, விமானக் கட்டமைப்பு என்று எல்லாப் பாடமும் அங்கே இருக்கிறது. பார்க்கக் காசு வேண்டாம். ஆனால் அந்தச் சான்றிதழை நீட்டினால் யாரும் சீட்டு தரமாட்டார்கள். குரோம்பேட்டை எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரிக்கு பிளஸ் டூ கட்-ஆஃப், கவுன்சலிங். சென்னை ஐ.ஐ.டி.க்கு ஜே.இ.இ. அட்வான்ஸ்டு நுழைவுத் தேர்வு. இதைப் பெற்றோர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

சரி, அப்புறம் எதற்கு வீடியோ? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்களே, அங்கே வருகிறேன்.

எங்கள் தெருத் தையற்காரர் மகள். அப்பா கடை சாத்தி வந்தபிறகுதான் செல்போன் கையில் கிடைக்கும். ராத்திரியில் பாடம் கேட்டு, நோட்டில் ‘ஈர்ப்பு மையம் முன்னால் இருக்க வேண்டும்’ என்று எழுதி அடிக்கோடும் போட்டுவிட்டாள். ஈர்ப்பு மையம் என்றால், விரலில் தாங்கினால் எடை இருபக்கமும் சமமாக நிற்கும் இடம். ஃப்ரிட்ஜ் பெட்டியில் வந்த தெர்மோகோலை வெட்டி, துடைப்பக் குச்சி செருகி ஒரு கிளைடர், அதாவது எஞ்சின் இல்லாத குட்டி விமானம், செய்தாள். மாடியிலிருந்து வீசினால், மூக்கைத் தூக்கியது, அந்தரத்தில் ஒரு நொடி நின்றது, நேரே எதிர்வீட்டு ஆச்சி காயப்போட்ட வத்தல் மேல் போய் விழுந்தது. “ஏட்டி, ஒங் கொக்கு என் வத்தலத் திங்க வருது!” என்று ஆச்சி போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாள் அப்பா தையல் மிஷினில் நூல் சுற்றும் பாபினைக் காணோம் என்று தேடுகிறார். பாபின் கிளைடரின் மூக்கில் ஒட்டியிருக்கிறது! அன்றைக்கு அது ஆச்சி வீட்டையும் தாண்டிப் போனது. மூக்கில் கனம் சேர்ந்ததும் ஈர்ப்பு மையம் முன்னால் வந்துவிட்டது; அடிக்கோடு போட்ட வரி அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. பிறகு பிளஸ் டூ மதிப்பெண்ணோடு கவுன்சலிங் போய், இப்போது குரோம்பேட்டையில் ஏரோநாட்டிக்கல் படிக்கிறாள்.

அதே கல்லூரியில்தான் அப்துல் கலாம் 1950களில் சேர்ந்தார். கட்டணத்துக்கு அக்கா ஜோஹரா வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார். அங்கே பாடம் நடத்த, பறப்பதை நிறுத்திய இரண்டு விமானங்களை வைத்திருந்தார்கள். பிள்ளைகள் பார்க்க வேண்டும், தொட வேண்டும் என்பதற்குத்தானே? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இரண்டாவது செய்திக்கு வருகிறேன். நகர்மன்ற உறுப்பினர் இங்கே இருக்கும்போதே சொல்லிவிடுகிறேன். இந்த நூலகத்தின் மாடி அறை பூட்டியே கிடக்கிறது. உள்ளே உடைந்த பீரோவும் பழைய பேனரும். அதைத் திறந்து, இணைய இணைப்பு, நாலு கணினி, ஒரு வேலை மேசை, ரம்பம், பசை, எடைத் தராசு வையுங்கள். இரவு ஒன்பது மணிவரை விளக்கு எரியட்டும். ஆச்சி வத்தல் தப்பிக்கும்.

மூன்றாவது கல்வி உதவித்தொகை. துண்டுச் சீட்டு வந்துவிட்டது, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அது இன்னொரு நாள். மாடி அறைக்கான கோரிக்கை மனு வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போங்கள். வணக்கம்.