கருகிய கொழுந்தும் உறைந்த செல்லும்

வணக்கம். மணி ஆறரை, இடம் ஊட்டிக்குப் பக்கத்தில் தலைகுந்தா. விரல் மரத்துவிட்டது, படம் ஆடினால் பொறுத்துக்கொள்ளுங்கள். புல்வெளி முழுக்க உப்பைக் கொட்டியது போல உறைபனி.

இந்தத் தேயிலைக் கொழுந்தைப் பாருங்கள். முந்தாநாள் பனியில் மாட்டியது. கருத்துவிட்டது, நசுக்கினால் வெந்த கீரையாகக் குழைகிறது. இலைக்குள் இருந்த நீர் பனிக்கட்டியாகிச் செல்களைச் சிதைத்துவிட்டது. இதைக் கையில் வைத்துக்கொண்டுதான் அத்தை கேட்டார்: "உங்கப்பா நோய்க்கு மூளைச் செல்லை உறையவைத்து ஊசியில் போடுகிறார்களாமே, அது கருகாதா?"

நல்ல கேள்வி. அப்பாவுக்கு நடுக்குவாதம், அதாவது பார்க்கின்சன். மூளையின் ஆழத்தில், உடல் அசைவைச் சீராக்கும் டோப்பமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் செத்துக்கொண்டே போகின்றன. அவற்றுக்கு ஈடாக வேறு செல்களை வைக்கும் முயற்சி 1987-இலேயே ஸ்வீடனின் லுண்ட் நகரில் நடந்தது. அன்று கருக்கலைப்பில் கிடைத்த திசுவைத்தான் நம்பியிருந்தார்கள். ஒரு நோயாளிக்கே பல கருக்களின் திசு வேண்டும்; குளிரில் வைத்தாலும் சில நாள்தான் தாங்கும். முகூர்த்தம் குறித்துவிட்டு மாப்பிள்ளை தேடுகிற கதை.

இப்போது ஸ்டெம் செல்லிலிருந்து, அதாவது வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல்லிலிருந்து வளர்க்கிறார்கள். முழுதாக வளர்ந்த நரம்புச் செல் உறைதலையும் ஊசியையும் எளிதில் தாங்காது. அதனால் நாற்றுப் பருவத்திலேயே எடுத்துவிடுகிறார்கள். நாற்று என்றதும் அத்தை தலையாட்டினார். உறையும்போது செல்லைக் காக்கும் டைமெத்தில் சல்ஃபாக்சைடு என்ற வேதிப்பொருள் கலந்த கரைசலில் போட்டு, நிமிடத்துக்குச் சுமார் 1 டிகிரி வீதம் குளிரவைப்பது வழக்கம். செல்லுக்குள் இருக்கும் நீர் மெல்ல வெளியேற அவகாசம் கிடைக்கிறது. உள்ளே பனிக்கட்டி கட்டுவதில்லை. அப்புறம் திரவ நைட்ரஜன் தொட்டி, மைனஸ் 196 டிகிரி. அங்கே ஆண்டுக்கணக்கில் கிடக்கலாம்.

உருக்குவதோ சட்டென்று, 37 டிகிரி வெதுவெதுப்பான நீரில். மெதுவாக உருகினால் பொடிப் பனிப்படிகங்கள் ஒன்றுசேர்ந்து பெருத்துவிடும். "நாம் வெயில் சுள்ளென்று ஏறிவிடுமோ என்று பயந்து, பனி மெல்ல உருகட்டும் என்று விடியலிலேயே தண்ணீர் தெளிக்கிறோம், அவர்கள் தலைகீழாகச் செய்கிறார்களே" என்று அத்தைக்கு ஆச்சரியம்.

உறையவைப்பதில் இன்னொரு வசதியும் உண்டு. ஒரே தொகுதியில் சில குப்பிகளை உருக்கி, எத்தனை செல் பிழைத்தது, கிருமி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நிதானமாக அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கலாம். அமெரிக்காவிலும் கனடாவிலும் 12 பேருக்கு இப்படி உறையவைத்த செல்களை வைத்த ஆய்வு 2025-இல் நேச்சர் அறிவியல் இதழில் வந்தது. 18 மாதம் கவனித்ததில் அந்தச் செல்களால் பெரிய தீங்கு எதுவும் இல்லை. ஆனால் அது பாதுகாப்பைப் பார்த்த ஆய்வு. குணமாக்குமா என்பது வேறு கேள்வி.

கீழே சமவெளியில் ஒரு மையத்தில் இதே சிகிச்சையின் பெயரைச் சொல்லிச் சில லட்சம் ரூபாய் கேட்டார்கள். என்ன செல், உருக்கியபின் எத்தனை பிழைக்கிறது என்று கேட்டேன். டீ சாப்பிடுகிறீர்களா என்றார்கள்.

அதோ அப்பா, பனிக்காக நாற்றங்காலில் மூடியிருந்த மிலார்த் தழையை எடுக்கிறார். வலக்கை ஆடுவதால் இடக்கையால் அதைப் பிடித்துக்கொண்டு. வெயில் வரப்போகிறது, நான் தண்ணீர் தெளிக்கப் போகிறேன்.