கூந்தலில் ஏறிய பொன்: பெருமை செய்தவனுக்கே

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டில் வொலோஃப், துக்குலோர் என்ற இரு இனங்களின் பெண்கள் கூந்தலில் சூடிய பொன்னணிகளின் பெருமை அணிந்தவளுக்கா, செய்தவனுக்கா? செய்தவனுக்கே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய சகோதரி, எட்மோன் ஃபோர்த்தியே என்ற பிரெஞ்சுப் புகைப்படக்காரர் 1900களின் தொடக்கத்தில் செனகலின் டக்கார் நகரிலிருந்து வெளியிட்ட அஞ்சலட்டைகளைக் காட்டி, "அட்டையில் பெண் இருக்கிறாள், உங்கள் பத்தர் எங்கே? கூலி வாங்கியதோடு அவர் கணக்கு முடிந்தது" என்று கேட்டார். அவையும் கைதட்டியது. கேள்வி கூர்மையானதுதான். ஆனால் அந்த அட்டைகளின் அடியில் எழுதியிருப்பதையும் படியுங்கள், சகோதரி. பலவற்றில் "வொலோஃப் பெண்" என்று மட்டுமே இருக்கிறது. அவளுக்கும் பெயர் இல்லை. கற்றாழை நாரைக் கறுப்பாக்கிக் கூந்தலோடு சேர்த்து, இரு கன்னங்களின் பக்கமும் புடைத்து நிற்கும்படி முடிந்து, அதன்மேல் பொன்மணிகளைத் தொங்கவிட்டிருக்கிறார்களே, அந்த மணிகளில்தான் ஒரு தனி மனிதனின் கைவண்ணம் அழியாமல் நிற்கிறது.

கூலி வாங்கினான் என்றீர்கள். எதற்கு வாங்கினான் என்று சொல்கிறேன். பொன்னை அவள் கொண்டுவருவாள். பெரும்பாலும் தாய்வீட்டுப் பழைய நகையாக இருக்கும். அதை உருக்கி, துளைகள் கொண்ட இரும்புத் தகட்டின் வழியே பெரிய துளையிலிருந்து சிறிய துளைக்கு மாற்றி மாற்றி இழுத்து, முடியிழைபோல் கம்பியாக்குகிறான். இரண்டு கம்பிகளை முறுக்கித் தட்டையாக்கி, இடுக்கி நுனியில் சுருட்டி, சுருளோடு சுருளை அடுக்கி, வெங்காரம் தடவி, ஒட்டவைக்கும் உலோகப் பொடி வைத்து, தீச்சுடரை அதன்மேல் பாய்ச்ச ஊதுகுழலை வாயில் வைக்கிறான். அந்த ஊதலில் ஒரு மூச்சு கூடினால் சுருள் முழுவதும் உருகி ஒரு சொட்டாகிவிடும். மீண்டும் உருக்க வேண்டும், மீண்டும் இழுக்க வேண்டும். மறுபடியும் சொல்கிறேன், ஒரு மூச்சு கூடினால் எல்லாம் போயிற்று! இப்படி அரை உருண்டை ஒன்று, அதற்கு இணையாக இன்னொன்று. இரண்டையும் ஒட்டினால் ஒரு மணி. அது உள்ளே வெற்றிடமாக இருந்தாக வேண்டும். கனத்தால் அவள் கூந்தல் தாங்காது என்பதை நினைத்தே அவன் வேலை செய்கிறான். பொன்னுக்கு வசதியில்லாத பெண்ணுக்கு வெள்ளியில் செய்து பொன்முலாம் பூசினான். அங்கும் அதே கம்பி, அதே சுருள், அதே மூச்சு.

மேரியன் ஆஷ்பி ஜான்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1960களில் செனகல் சென்றபோது, நகைகளைச் சேர்த்ததோடு நிற்காமல் பொற்கொல்லர்களைத் தேடிச்சென்று பேசினார். அவருடைய சேகரிப்பு வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் ஆப்பிரிக்கக் கலை அருங்காட்சியகத்துக்குச் சென்று, 2018-இல் கண்காட்சியாக வைக்கப்பட்டது. பட்டறை வாசலில் உட்கார்ந்து கேட்க ஒருவர் வந்தாரே என்று என் மனம் நிறைகிறது.

தாய் தன் பொன்னை மகளுக்குத் தருகிற பாசத்தை எதிரணியினர் உருக்கமாகச் சொன்னார்கள். நானும் கண் கலங்கினேன். பட்டறையிலும் ஒரு தகப்பன் இருக்கிறான், ஐயா. அவன் மகனுக்குத் தருவதற்கு இடுக்கியும் ஊதுகுழலும் மட்டுமே உண்டு. வொலோஃப் சமூகத்தில் கொல்லர்கள் தனிக் குலம், துக்குலோர்களிடமும் அப்படியே. உயர்குடியினர் அந்த வீட்டில் பெண் கொடுப்பதில்லை, எடுப்பதில்லை என்பது நெடுநாள் வழக்கம். மணப்பெண்ணின் நெற்றிக்கு மேல் ஆடுகிற மணியை இரவெல்லாம் ஊதி ஊதிச் செய்தவன், தன் பிள்ளைக்காக அந்த வீட்டு வாசலில் சம்பந்தம் பேச நிற்க முடியாது. அவன் தொட்ட பொன் அவள் தலைமேல் ஏறியது. அவனை வீட்டுத் திண்ணைக்கு அப்பால் வைத்தார்கள். அவன் கணக்கு முடிந்துவிட்டது என்று எப்படிச் சொல்ல மனம் வந்தது, சகோதரி? அந்த வீடு அவனுக்கு மறுத்ததை நம்மால் வாங்கித் தர முடியாது. இந்த மேடையில் பெருமையையாவது அவனுக்கே வழங்குங்கள் என்று நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன்.