குட்டையில் பாதியில் நின்ற கார்

நண்பர்களே, வணக்கம்.

ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' முடிந்து இப்போதுதான் விளக்குப் போட்டிருக்கிறோம். முன்னுரை வேண்டாம், நேராக ஓர் இடத்துக்குப் போகிறேன். சாலையோர விடுதி நடத்தும் நார்மன் பேட்ஸ் அந்தக் காரைச் சேற்றுக்குட்டைக்குள் தள்ளிவிட்டுக் கரையில் நிற்கிறான். எதையோ கொறித்துக்கொண்டே பார்க்கிறான். கார் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. பாதிக்கு மேல் போனதும் சட்டென்று நின்றுவிடுகிறது. அவன் வாயும் நின்றுவிடுகிறது. யாராவது பார்க்கிறார்களா என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்புகிறான். அந்த நேரத்தில் நான் திரையைப் பார்க்கவில்லை. பின்னால் நின்று உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் அசையவில்லை. அப்புறம் கார் முழுசாக உள்ளே போனதும் நாலைந்து பேர் மூச்சை விட்டது எனக்கே கேட்டது.

அந்தக் காரின் டிக்கியில், அவன் விடுதியில் தங்க வந்து கொலையான மேரியன் கிடக்கிறாள். படம் ஆரம்பித்து முக்கால் மணி நேரத்துக்கு மேல் நாம் அவளோடுதான் இருந்தோம். அவள் 40,000 டாலரைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது போலீஸ்காரர் துருவித் துருவிக் கேட்டாரே, அப்போது அவளுக்காகப் பயந்தோம். குளியலறையில் அவள் கை திரைச்சீலையைப் பிடித்து இழுத்தபோது நமக்கும் நெஞ்சு அடைத்தது. பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, அவளை விழுங்கப்போகிற சேறு சீக்கிரம் விழுங்கட்டும் என்று மனசு கிடந்து தவிக்கிறது. ஹிட்ச்காக்கே பிற்பாடு பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவிடம் பேசும்போது இந்த இடத்தைச் சொல்கிறார்: கார் நின்றதும், முழுசாகப் போய்விடட்டும் என்றுதான் பார்க்கிறவர்கள் நினைக்கிறார்கள் என்று.

இது எப்படி நடந்தது? இன்றைக்கு நான் பேச வந்தது இதைப் பற்றித்தான்.

குறும்படம் எடுக்கிற தம்பி தங்கைகள் பலர் என்னிடம் கதை சொல்ல வருகிறார்கள். கொலைகாரன்மேல் இரக்கம் வரவேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். நல்ல ஆசை. ஆனால் அதற்கு அவர்கள் வைத்திருக்கிற வழி பெரும்பாலும் ஒன்றுதான், ஃப்ளாஷ்பேக். சின்ன வயசில் அடித்தார்கள், ஏமாற்றினார்கள், அதனால் இப்படி ஆகிவிட்டான் என்று இடைவேளைக்கு அப்புறம் பத்து நிமிஷம் வரும். அதைப் பார்த்து நான் 'ஐயோ பாவம்' என்று சொல்வேன். சொன்னதோடு சரி. காரணம் தெரிந்தவுடன் அவன் ஒரு கணக்கு மாதிரி ஆகிவிடுகிறான். கணக்குப் போட்டாயிற்று, விடை வந்தாயிற்று, நான் என் இருக்கையில் பத்திரமாக இருக்கிறேன்.

'சைக்கோ'வில் நார்மனின் கடந்த காலம் எப்போது வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். கடைசியில். எல்லாம் முடிந்த பிறகு ஒரு மனநல மருத்துவர் வந்து, அம்மாவையும் அவளுடைய காதலனையும் இவன் விஷம் வைத்துக் கொன்றான், அப்புறம் அம்மாவாகவே மாறினான் என்று விளக்குகிறார். இந்தப் படத்தில் எனக்குப் பிடிக்காத ஒரே காட்சி அது. அந்த விளக்கத்தைக் கேட்டு யாருக்காவது நார்மன்மேல் பரிவு கூடியதா? எனக்குக் கூடவில்லை. பரிவு அதற்கு ரொம்ப முன்னாலேயே, மாப்பும் வாளியுமாக அவன் உள்ளே வந்தபோதே வந்துவிட்டது.

குளியலறைக் கொலையைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டார்கள். 45 விநாடிக் காட்சிக்கு ஏழு நாள் படப்பிடிப்பு, இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மனின் வயலின்கள் என்று நிறைய. நான் அதற்கு அடுத்து வருவதைப் பற்றிப் பேசுகிறேன். வீட்டிலிருந்து நார்மனின் அலறல் கேட்கிறது: 'அம்மா! ரத்தம்!' ஓடி வருகிறான். பார்த்ததும் கையால் வாயைப் பொத்திக்கொள்கிறான். கொஞ்ச நேரம் ஒன்றும் செய்யத் தெரியாமல் உட்காருகிறான். அப்புறம் எழுந்து வேலையை ஆரம்பிக்கிறான். உடலைத் திரைச்சீலையில் கிடத்துகிறான். கைகளைக் கழுவுகிறான், ரத்தம் கலந்த தண்ணீர் வழிந்து ஓடுகிறது. தொட்டியைத் துடைக்கிறான், தரையைத் துடைக்கிறான், அவளுடைய துணிமணியை எடுத்துப் பெட்டியில் வைக்கிறான். பணம் சுற்றிய செய்தித்தாளை, என்ன இருக்கிறது என்றே தெரியாமல் டிக்கிக்குள் வீசுகிறான். நிமிஷக்கணக்கில் இது போகிறது, கிட்டத்தட்ட வசனமே இல்லை.

ஒரு மனிதன் கவனமாக வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தால் நாமும் அந்த வேலைக்குள் போய்விடுகிறோம். ஒரு மூலையில் கறை விட்டுப்போனால் 'அங்கே, அங்கே' என்று மனசு காட்டிக்கொடுக்கும். அவன் சரியானவனா தப்பானவனா என்ற யோசனை பின்னால் போய்விடும், வேலை முடிய வேண்டும் என்பது முன்னால் வரும். இரக்கம் என்று நாம் சொல்வதில் பாதி இதுதான் என்று நான் நினைக்கிறேன், கூடவே இருந்து ஒரு வேலையைச் செய்து முடிப்பது. வில்லனுக்குக் காரணம் எழுதுவதற்கு முன்னால் ஒரு வேலை எழுதுங்கள் என்று அந்தத் தம்பி தங்கைகளிடம் சொல்வேன்.

இதற்கும் முன்னாலேயே ஹிட்ச்காக் இன்னொன்று செய்துவிட்டார். படத்துக்கு மூலமான ராபர்ட் பிளாக்கின் 1959 நாவலில் நார்மன் நாற்பது வயசுக்காரன், பருமன், கண்ணாடி, குடி. திரைக்கதை எழுதிய ஜோசப் ஸ்டெஃபானோவுக்கு அந்த ஆள்மேல் ஒட்டுதலே வரவில்லை. அந்த இடத்தில் அந்தோனி பெர்கின்ஸை வைத்துப் பாருங்கள் என்றார் ஹிட்ச்காக். படமெடுக்கும்போது பெர்கின்ஸுக்கு 27 வயசு. ஒல்லியான உடம்பு, வார்த்தை தடுக்கும் பேச்சு, அடிக்கடி வரும் வெட்கச் சிரிப்பு.

பாடம் செய்த பறவைகள் மாட்டியிருக்கும் அந்த அறைக் காட்சியை நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கில்லை. தட்டில் சாண்ட்விச்சும் பாலும் கொண்டுவருகிறான். மேரியன் தன் அறைக்குள் வரச் சொன்னதும் வாசலிலேயே தயங்குகிறான். ஒரு பெண் தனியாக இருக்கும் அறைக்குள் கால் வைக்கக் கூச்சம். பிறகு பேசுகிறார்கள். நாம் எல்லோருமே அவரவர் பொறிக்குள் சிக்கிக் கிடக்கிறோம் என்கிறான். நான் என் பொறியிலேயே பிறந்தவன், இப்போதெல்லாம் அதைப் பெரிசாக எடுத்துக்கொள்வதில்லை என்கிறான். எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்கிறாள் அவள். வலிக்கத்தான் செய்கிறது, இல்லையென்று சொல்லிக்கொள்கிறேன் என்பதுபோல ஒரு பதில் வருகிறது. இவ்வளவு உண்மையாக அந்தப் படத்தில் வேறு யாரும் பேசவில்லை.

அந்தப் பேச்சுதான் மேரியனை மாற்றுகிறது. தான் எந்தப் பொறிக்குள் காலை விட்டோம் என்று அவளுக்குப் புரிகிறது. பணத்தைத் திருப்பிக் கொடுக்க ஃபீனிக்ஸுக்குத் திரும்பிவிடலாம் என்று முடிவெடுத்து, மனசு லேசாகிக் குளிக்கப் போகிறாள். அவளைத் திருத்தியவனும் நார்மன், கொன்றவனும் நார்மன். இந்த இரண்டும் ஒரே ராத்திரியில், ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் நடக்கின்றன. எனக்குக் கத்தியைவிட இதுதான் பயம்.

இங்கே ஒருவர் எழுந்து நியாயமாகக் கேட்கலாம்: 'ஐயா, முதல் தடவை பார்க்கிறவருக்கு அம்மாதான் கொலைகாரி. நார்மன் அம்மாவைக் காப்பாற்றப் பாடுபடுகிற பிள்ளை. அந்தப் பிள்ளைமேல் இரக்கம் வருவதில் என்ன அதிசயம்?' சரியான கேள்வி. பொய் சொல்லித்தான் ஹிட்ச்காக் நம்மிடமிருந்து இரக்கத்தை வாங்குகிறார். ஆனால் உண்மை தெரிந்த பிறகு நம்மால் அதைத் திருப்பி எடுக்க முடிகிறதா? உங்களில் பாதிப் பேர் இந்தப் படத்தை முன்பே பார்த்தவர்கள், கை தூக்கினீர்கள். நீங்களும்தானே இன்றைக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள்?

அந்தப் பொய்கூட இல்லாமல் இதையே செய்த படம் ஒன்று உண்டு. அதே 1960இல், 'சைக்கோ'வுக்குச் சில வாரங்கள் முன்னால் இங்கிலாந்தில் வந்தது, மைக்கேல் பவலின் 'பீப்பிங் டாம்'. மார்க் லூயிஸ் ஒரு கொலைகாரன் என்பது முதல் காட்சியிலேயே தெரிந்துவிடும். அவன் கேமரா வழியாகத்தான் அந்தக் கொலையைப் பார்க்கிறோம். ஸ்டூடியோவில் ஃபோகஸ் பிடிக்கிற வேலை அவனுக்கு. கார்ல் போம் என்ற நடிகர், குரலே உயராது, யாரையும் நிமிர்ந்து பார்க்கமாட்டார்.

இதில் ஃப்ளாஷ்பேக் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் அது எப்படி வருகிறது என்று பாருங்கள். கீழ்வீட்டில் குடியிருக்கும் ஹெலன் தன் பிறந்தநாள் கேக்கில் ஒரு துண்டு கொண்டுவந்து கொடுக்கிறாள். நீங்கள் எடுத்த படம் எதையாவது காட்டுங்களேன் என்கிறாள். அவன் புரொஜெக்டரைப் போடுகிறான். திரையில் ஒரு சின்னப் பையன். தூங்குகிறவன் கண்ணில் வெளிச்சம் அடிக்கிறார்கள், படுக்கையில் பல்லி மாதிரி ஒன்றைப் போடுகிறார்கள். பயத்தை ஆராய்ச்சி செய்த அப்பா, சொந்த மகனையே படம் பிடித்திருக்கிறார். ஹெலனால் பார்க்க முடியவில்லை, நிறுத்தச் சொல்கிறாள். நமக்கும் அப்படித்தான். இங்கே கடந்த காலம் விளக்கமாக வரவில்லை, நம் கண்ணெதிரே ஓடுகிறது. அதை ஓட்டுகிறவன் பக்கத்திலேயே நிற்கிறான். அந்த அப்பாவாக நடித்தது பவல், பையனாக நடித்தது பவலின் சொந்த மகன் கொலம்பா. இது தெரிந்த பிறகு அந்தக் காட்சியை என்னால் நேராக உட்கார்ந்து பார்க்க முடிந்ததில்லை.

ஹெலனைக் கேமராவில் பிடிக்கக் கூடாது என்பதில் மார்க் உறுதியாக இருக்கிறான். தான் படமெடுக்கும் எதுவும் தனக்கு மிஞ்சாது என்று அவனுக்குத் தெரியும். கடைசியில் ஹெலனுக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறது. நீ பயப்படுவதை நான் பார்க்கும்படி வைத்துவிடாதே என்று அவளிடம் கெஞ்சுகிறான். தன்னிடமிருந்து ஒரு பெண்ணைக் காப்பாற்றப் போராடுகிறவனை எந்தப் பெயரில் அழைப்பது? அன்றைய லண்டன் விமர்சகர்களுக்கு இது பொறுக்கவில்லை, படத்தைக் கிழித்துப் போட்டார்கள். பவலின் தொழிலே அதோடு நொறுங்கியது. 1970களின் கடைசியில் அமெரிக்க இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செஸி முனைந்து அதைத் திரும்பத் திரைக்குக் கொண்டுவந்தார்.

இந்த மாதிரிப் படங்களில் இன்னொன்று தவறினால் எல்லாமே தவறிவிடும். செத்தவர்களுக்கு உரிய இடம் கொடுக்க வேண்டும். வில்லனைப் பிடித்துப்போன இயக்குநர்கள் இதை மறந்துவிடுகிறார்கள், அப்போது எனக்குக் கோபம் வருகிறது.

1931இல் ஃப்ரிட்ஸ் லாங் எடுத்த 'எம்' படத்தைச் சொல்கிறேன். அதைத் திகில் படம் என்று யாரும் தனியாக வகைப்படுத்துவதில்லை, ஆனால் எனக்கு அதுதான் இந்த வழியின் தொடக்கம். பெர்லினில் குழந்தைகளைக் கொல்கிற ஒருவன். முதலில் வருவது அவன் இல்லை, எல்ஸி என்ற சிறுமியின் அம்மா. துணி துவைக்கிறாள், கடிகாரத்தைப் பார்க்கிறாள், மேசையில் மகளுக்குத் தட்டு வைக்கிறாள். பள்ளி விட்டு நேரமாகிவிட்டது. மாடிப்படியில் எட்டிப் பார்த்து 'எல்ஸி!' என்று கூப்பிடுகிறாள். யாருமில்லாத படிக்கட்டு. சாப்பிடாத தட்டு. புல்லில் ஒரு பந்து உருண்டு வந்து நிற்கிறது. கம்பியில் ஒரு பலூன் சிக்கித் தவித்துப் பறந்துபோகிறது. கொலை திரையில் இல்லவே இல்லை.

அந்தத் தட்டு படம் முழுக்க நம் மடியில் இருக்கிறது. கடைசியில் ஊர்த் திருடர்களும் ரவுடிகளும் சேர்ந்து அவனைப் பிடித்து, பாழடைந்த சாராயத் தொழிற்சாலையில் வைத்து விசாரிக்கிறார்கள். கொலைகாரனாக நடித்த பீட்டர் லாரி மண்டிபோட்டு அலறுகிறார்: நான் விரும்பியா செய்கிறேன், எனக்குள் இருக்கிற இந்தத் தீயை, இந்தக் குரலை நான் என்ன செய்வேன்? தெருத்தெருவாக என்னை நானே துரத்துகிறேன், கூடவே அந்தக் குழந்தைகளின் ஆவிகளும் தாய்மார்களின் ஆவிகளும் வருகின்றன என்கிறார். நமக்கு உருகுகிறது. உருகும்போதே தட்டும் நினைவிருக்கிறது. இரண்டில் எதையும் கீழே வைக்க முடியவில்லை. லாங் கடைசிச் சொல்லைத் தாய்மார்களிடம்தான் கொடுக்கிறார்: இதனால் எங்கள் பிள்ளைகள் திரும்பி வரமாட்டார்கள்.

அந்த அலறலுக்குப் பிற்பாடு நடந்ததையும் சொல்ல வேண்டும். லாரி ஒரு யூதர், நாஜிகள் ஆட்சிக்கு வந்த 1933இலேயே ஜெர்மனியை விட்டுப் போய்விட்டார். 1940இல் நாஜிகள் எடுத்த யூத வெறுப்புப் பிரச்சாரப் படத்தில் 'எம்'மின் இதே காட்சியை வெட்டி ஒட்டினார்கள், யூதர்களின் மனசு இப்படித்தான் இருக்கும் என்று காட்டுவதற்காக. நடிப்பு அதேதான், சொற்களும் அவைதான். முன்னால் இருந்த அம்மாவையும் தட்டையும் எடுத்துவிட்டார்கள், பின்னால் அழுத தாய்மார்களை எடுத்துவிட்டார்கள். பரிவு இருந்த இடத்தில் வெறுப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. கொலைகாரனின் முகத்தை மட்டும் எடுத்து, சுற்றியிருந்தவர்களைக் கழித்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடக் கசப்பான சாட்சி எனக்குத் தெரியாது.

சரி, நம் படத்துக்கே வருகிறேன். மருத்துவர் பேசி முடித்ததும் ஒரு போலீஸ்காரர் நார்மனுக்குக் குளிருகிறது என்று போர்வை கொண்டுபோகிறார். அறைக்குள் போர்வை போர்த்தி உட்கார்ந்திருக்கிறான். உதடு அசையவில்லை, அம்மாவின் குரல் மட்டும் கேட்கிறது. கையில் ஒரு ஈ. சாண்ட்விச் கொண்டுவந்த பையன் அங்கே இல்லை, அவன் குரலை நாம் இனிமேல் கேட்கப்போவதே இல்லை. அவன் சிரிக்கிறான், முகத்தின்மேல் ஒரு மண்டையோடு தெரிந்து மறைகிறது.

படம் அங்கே முடிந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். விளக்கு போடும்போது நாற்காலியிலிருந்து எழுந்தவர்கள் அதற்கு அடுத்து வந்ததைப் பார்த்திருக்கமாட்டீர்கள். சில விநாடிதான். சேற்றுக்குட்டை. இறுக்கிக் கட்டிய ஒரு சங்கிலி. அந்தச் சங்கிலி இழுக்க இழுக்க, மூழ்கட்டும் என்று நாம் வேண்டிக்கொண்ட கார், டிக்கி முன்னால் வர, சேறு வழிய மேலே வருகிறது.