தெருவுக்குத் தெரிந்த கணக்கு

வணக்கம். வண்ணாரப்பேட்டைக்காரன் ரேடியோவில் கோல்ஃப் பற்றிப் பேசப் போகிறான் என்றதும் எங்கள் வீட்டிலேயே சிரித்தார்கள். எங்கள் பக்கத்து ஆட்டம் கேரம்தானே. 2024ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்த காசிமா, புது வண்ணாரப்பேட்டைப் பெண். அவர் எதிரே நானோ நீங்களோ உட்கார்ந்தால், 25 பாயிண்ட் கேமில் நமக்கு 20 பாயிண்டை முன்கூட்டியே கொடுத்தாலும் போதாது.

அந்த முன்கூட்டிக் கொடுப்பதுதான் கோல்ஃபில் ஹேண்டிகேப். குறைந்த தடவை பந்தை அடித்து முடிப்பவர்தான் அங்கே ஜெயிப்பார், ஒரு தடவை அடித்தால் ஒரு அடி. 24 ஹேண்டிகேப்காரர் 94 அடியில் முடித்தால் 24ஐக் கழித்து 70 என்று எழுதுவார்கள், 6 ஹேண்டிகேப்காரர் 76ல் முடித்தாலும் அதே 70தான். அப்பாவும் பிள்ளையும் சமமாக மோதலாம்.

ஆனால் ஒன்று, பலரும் ஹேண்டிகேப் என்றால் எல்லா ஆட்டத்தின் சராசரி என்று நினைக்கிறார்கள். அது தப்பு. 2020ல் வந்த உலக ஹேண்டிகேப் முறைப்படி, கடைசி 20 ஆட்டத்தில் சிறந்த 8 மட்டும்தான் கணக்கு, மீதி 12 சேராது. அதாவது நீங்கள் நன்றாக ஆடும் நாளில் எப்படி ஆடுவீர்கள் என்பதை அளக்கிறார்கள். அதனால் யோக்கியமாக ஆடுகிறவர் நாலைந்து ஆட்டத்துக்கு ஒருமுறைதான் தன் ஹேண்டிகேப்பைத் தொடுவார். ஒருவர் மாதா மாதம் தொட்டுக்கொண்டே இருந்தால், அதுவும் போட்டி நாளில் மட்டும், எனக்கு மூக்கு வேர்க்கும்.

நான் போன ஒரு கிளப் போட்டியில் அப்படித்தான் ஆனது. பார் 70 மைதானம், அதாவது தேர்ந்த ஆட்டக்காரர் 70 அடியில் முடிக்க வேண்டிய மைதானம். 24 ஹேண்டிகேப்காரர் 84 அடியில் முடித்துவிட்டார். போட்டியில் ஹேண்டிகேப்பில் 95 சதவீதம்தான் கொடுப்பார்கள் என்பதால் அவருக்கு 23, கழித்தது போக நெட் 61. இரண்டாவது வந்தவர் 6 ஹேண்டிகேப் (95 சதவீதமும் முழு எண்ணில் 6தான்), வாழ்நாளிலேயே நல்ல ஆட்டம் ஆடி 74, நெட் 68. ஏழு அடி வித்தியாசம்! பாவம், மனுஷன் கைகொடுத்துவிட்டு நேராகக் கார் பக்கம் போய்விட்டார்.

விதி சும்மா இருக்கவில்லை. இண்டெக்ஸை, அதாவது பதிவில் இருக்கும் ஹேண்டிகேப் எண்ணைவிட, 7 முதல் 9.9 வரை நன்றாக ஆடினால் அந்த எண்ணில் ஒன்றும், 10ஐத் தொட்டால் இரண்டும் குறைப்பார்கள். ஒரு வருடத்துக்குள் எட்டிய குறைந்த அளவிலிருந்து 5க்கு மேல் ஏறவும் விடமாட்டார்கள். சரி, குறைக்கட்டும், கப்பு அதற்குள் அவர் வீட்டு அலமாரிக்குப் போயிருக்குமே.

இப்படி ஹேண்டிகேப்பை வேண்டுமென்றே ஏற்றி வைத்துக்கொள்பவர்களைச் சாண்ட்பேக்கர் என்பார்கள், நான் பதுக்கல்காரர் என்பேன். வேண்டுமென்றே பந்தைத் தண்ணீரில் அடிப்பவர் குறைவு. நண்பர்களோடு ஞாயிற்றுக்கிழமை 83 அடித்துவிட்டு அந்த ஸ்கோர் கார்டைப் பாக்கெட்டிலேயே வைத்துக்கொள்பவர்தான் அதிகம். 95 எப்போதும் ஒழுங்காக கிளப் ஆபீசுக்குப் போய்ச் சேரும், 83 மட்டும் வழியில் தொலையும். (கௌரவத்துக்காகக் குறைந்த ஹேண்டிகேப் வைத்துக்கொண்டு எல்லாப் போட்டியிலும் தோற்பவர்களும் உண்டு, அவர்களால் யாருக்கும் நஷ்டமில்லை.)

எங்கள் தெருக் கேரமில் இந்த வேலை நடக்காது. போர்டைச் சுற்றிப் பத்துப் பேர் நிற்பார்கள், "உனக்கெல்லாம் அஞ்சு பாயிண்ட் போதும், நேத்து பார்த்தேன்" என்று மூஞ்சிக்கு நேராகச் சொல்லிவிடுவார்கள். கோல்ஃபில் நான்கு பேர் நான்கு மணி நேரம் நடந்து போகிறார்கள், பார்ப்பது அந்த நான்கு பேர்தான். அதனால்தான் உலக முறையிலும் ஒருவர் ஸ்கோரை மற்றவர்கள் பார்த்துக் கேள்வி கேட்கலாம் என்று வைத்திருக்கிறார்கள். கேட்பதற்குத்தான் நமக்குக் கூச்சம், பெரிய மனிதர் ஆயிற்றே என்று.

கிளப்பில் நான் கேட்கப் போவது ஒன்றுதான். நண்பர்களோடு ஆடியது உட்பட எல்லாருடைய கடைசி 20 ஸ்கோரையும் வாசலில் ஒரு பலகையில் தேதியோடு ஒட்டுங்கள். பலகைச் செலவு என்னுடையது.