பி.எம்.டபிள்யூவைக் கரையேற்றிய பைக் என்ஜின்

நேயர்களுக்கு வணக்கம். நாம் பி.எம்.டபிள்யூ என்பதை ஜெர்மானியர் ‘பே.எம்.வே’ என்பார்கள். பவேரிய மோட்டார் தொழிற்சாலை என்பது அந்த மூன்றெழுத்தின் விரிவு. கவனியுங்கள், பெயரில் மோட்டார்தான் இருக்கிறது, கார் இல்லை. 1917-ல் மியூனிக்கில் இந்தப் பெயரை வைத்தபோது அங்கே தயாரானது விமான என்ஜின். போரில் ஜெர்மனி தோற்றது, வெர்சாய் ஒப்பந்தம் விமான என்ஜினுக்குத் தடை போட்டது. ரயில் பிரேக் செய்து காலம் தள்ளினார்கள்.

அந்தச் சமயத்தில் அவர்களிடம் ஒரு சின்ன என்ஜின் இருந்தது. இரண்டு சிலிண்டர்கள் ஒன்றுக்கொன்று முதுகுகாட்டிப் படுத்திருக்கும் பாக்ஸர் வகை. ‘ஹீலியோஸ்’ என்ற பைக்கில் இதை நீளவாக்கில் பொருத்தியிருந்தார்கள்: ஒரு சிலிண்டர் முன்னால், இன்னொன்று பின்னால். வினையே அங்கேதான். எதிர்க்காற்று முழுவதும் முன் சிலிண்டருக்குப் போய்விடும். பின் சிலிண்டர் அதன் மறைவில் கிடந்து கொதிக்கும். விமான என்ஜின் வடிவமைத்த மாக்ஸ் ஃப்ரிட்ஸ் என்ஜினை 90 டிகிரி திருப்பி வைத்தார். இப்போது இரண்டு சிலிண்டரும் பக்கத்துக்கு ஒன்றாக வெளியே நீட்டிக்கொண்டு, சமமாகக் காற்று வாங்கின. 1923-ல் வந்த ஆர் 32 பைக் இதுதான்: 494 சி.சி., எட்டரை குதிரைத்திறன்.

திருப்பியதில் இன்னொரு லாபமும் கிடைத்தது. என்ஜினின் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்ட் இப்போது வண்டியின் நீளவாக்கில் சுழல்கிறது. கியர்பாக்ஸுக்குப் பின்னால் ஒரு தண்டை நேராகப் பின்சக்கரம் வரை கொண்டுபோய், அங்கே ஒரே ஒரு பல்சக்கர ஜோடியால் திருப்பிவிட்டால் போதும், செயினே வேண்டாம். செயின் என்றால் நீளும், அடிக்கடி இறுக்க வேண்டும், எண்ணெய் தெறித்துக் கால்சட்டையைக் கெடுக்கும். குறையும் இல்லாமலில்லை. நின்ற இடத்தில் ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் வண்டி ஒரு பக்கம் உலுக்கும். கீழே சாய்ந்தால் முதல் அடி சிலிண்டருக்குத்தான்.

காருக்கு வந்தது 1928-ல், ஐசனாக் நகரத் தொழிற்சாலையை வாங்கியபோது. அங்கே தயாரானது இங்கிலாந்தின் ஆஸ்டின் செவன் காரின் உரிமம் பெற்ற நகல். 1930-களில் சொந்தமாக ஆறு சிலிண்டர் கார்கள் வந்தன, அவற்றில் 328 என்ற கார் பந்தயங்களில் பெயர் வாங்கியது. பிறகு போர். விமான என்ஜின் உற்பத்திக்கு வதைமுகாம் கைதிகளை வேலை வாங்கிய கறை இந்தக் கம்பெனியின் மேல் உண்டு. போர் முடிந்ததும் ஐசனாக் சோவியத் பகுதியில் சிக்கிக்கொண்டது. கார் செய்யும் பட்டறை போய்விட்டது.

1950-களில் நடந்ததைத் தப்புக்கணக்கு என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. நாட்டில் பலருக்கு சைக்கிள்தான் வாகனம், இவர்களோ 501, 502 என்று பெருங்கார் செய்தார்கள். 507 என்ற அழகான திறந்த கார் சுமார் 250 மட்டுமே தயாரானது. கையைச் சுட்டுக்கொண்ட அதே நேரத்தில் சோறு போட்டது இஸெட்டா. இத்தாலியிலிருந்து உரிமம் வாங்கிய முட்டை வடிவ வண்டி. வண்டியின் முகமே கதவு. திறந்தால் ஸ்டீயரிங்கும் கூடவே விலகும். உள்ளே 247 சி.சி. பைக் என்ஜின், 12 குதிரைத்திறன். கூண்டுக்குள் எதிர்க்காற்று படாதே, அதனால் விசிறி வைத்துக் குளிர்வித்தார்கள். முன்கதவு நசுங்கினால்? துணிக்கூரையைத் திறந்துகொண்டு மேல்வழியாக ஏறி வரலாம். 1,61,000-க்கு மேல் தயாராயின. ஆனாலும் யானைப் பசிக்குச் சோளப்பொரி.

1959 டிசம்பர் 9. மியூனிக்கில் பங்குதாரர் கூட்டம். கம்பெனியை டைம்லர்-பென்ஸ் கையில் கொடுக்கும் திட்டம் மேடையில் இருந்தது. மெர்சிடிஸ் கார் செய்பவர்கள்தான். எதிர்த்தவர்கள் சிறு பங்குதாரர்களும் டீலர்களும். அவர்கள் சார்பில் வந்த பிராங்க்பர்ட் வழக்கறிஞர் ஃப்ரீட்ரிஷ் மாத்தெர்ன் வரவுசெலவுக் கணக்கில் கை வைத்தார். 700 என்ற புதிய காரை உருவாக்கிய செலவு முழுவதையும் ஒரே ஆண்டின் நஷ்டமாக எழுதியிருந்தார்கள். பல ஆண்டுகள் விற்கப்போகும் காரின் செலவைப் பல ஆண்டுகளுக்குப் பிரித்திருந்தால் நஷ்டம் அவ்வளவு பூதாகரமாகத் தெரிந்திருக்காது. கணக்கில் குறை சொல்லி 10 விழுக்காட்டுப் பங்கு வைத்திருப்பவர்கள் கேட்டால் கூட்டத்தைத் தள்ளிவைக்க வேண்டும் என்பது சட்டம். தள்ளிவைத்தார்கள். டைம்லர் முன்வைத்த திட்டத்துக்கோ காலக்கெடு இருந்தது, அது கடந்துபோயிற்று. பிறகு தொழிலதிபர் ஹெர்பெர்ட் குவாண்ட் தன் பணத்தை இறக்கிக் கம்பெனியைத் தூக்கி நிறுத்தினார்.

அவர் நம்பிப் பணம் போடக் காரணமாக இருந்ததில் அந்த 700-க்குப் பெரிய பங்குண்டு. இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கெலோட்டி வரைந்த உடம்பு, தனிச் சட்டகம் இல்லாமல் உடலே சுமைதாங்கும் அமைப்பு. பின்னால் திறந்து பார்த்தால் 697 சி.சி., 30 குதிரைத்திறன், காற்றால் குளிரும் இரட்டை சிலிண்டர். ஃப்ரிட்ஸ் திருப்பிவைத்த அதே பாக்ஸரின் வாரிசு! மொத்தம் 1,80,000-க்கு மேல் தயாரான அந்தக் காரின் விற்பனை கொடுத்த மூச்சில்தான் 1961-ல் 1500 என்ற நான்கு சிலிண்டர் காரைப் பிராங்க்பர்ட் கண்காட்சியில் காட்ட முடிந்தது. அதன் என்ஜினை உருவாக்கிய அலெக்ஸ் ஃபான் ஃபால்கென்ஹவுசன், பின்னாளில் 2000 சி.சி. வரை பெருக்க இடம்விட்டே வார்ப்பை வடிவமைத்திருந்தார். அந்த வார்ப்பிலிருந்து பிறந்த டர்போ என்ஜினை வைத்துத்தான் 1983-ல் நெல்சன் பிக்கே ஃபார்முலா ஒன் பட்டம் வென்றார்.

வணக்கம்.